ஆடும்போது அவள் முகம்

மாசிலாமணி கொத்தவரங்காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைங்க ஃபோன்ல கேம் ஆடுறதை எப்படிம்மா நிறுத்துறது?"

எதிரே உட்கார்ந்திருந்த மரகதம் அம்மா நிமிரவில்லை. அவர் முன்னாலும் ஒரு குவியல் கொத்தவரங்காய் கிடந்தது.

"யார் பிள்ளை?"

"என் பொண்ணுதான். ஆதிரை. எட்டாவது படிக்கிறா."

"இதுவரைக்கும் நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?"

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். ஒரு சாமியாரின் சமாதி, ஒரு கிணறு, ஓடு வேய்ந்த சாப்பாட்டுக் கூடம், அவ்வளவுதான். ஞாயிறு மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. மரகதம் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். முன்பு மடத்தை நடத்திய சாமி இருந்த காலத்தில் சமையலுக்கு ஒத்தாசையாக வந்தார்; சாமி போன பிறகு மடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். காவி கட்டுவதில்லை. பிரசங்கம் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில நாள் அதுவும் கிடையாது.

மாசிலாமணி அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் இவர்தான் சீடர். எட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து காய் நறுக்குவார், பந்தி பரிமாறுவார், பாத்திரம் கழுவுவார். அவர் மனசுக்குள் ஓயாமல் ஏதோ ஒன்று குடைந்துகொண்டே இருக்கும். இங்கே வந்தால்தான் அது கொஞ்சம் அடங்கும். வீட்டில் இது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி என்று சொல்லி வைத்திருந்தார்.

அவருடைய உத்தியோகம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது. பாதி வழியில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறுவார். ஏறிய மாத்திரத்தில், யாரிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்துவிடும். தூங்குவது போல நடிக்கிறவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள், கேட்பதற்கு முன்பே குழந்தையின் வயதைச் சொல்கிறவர். இருபத்திரண்டு வருஷத்தில் கண் அப்படிப் பழகிப் போயிருந்தது. யூனிபாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அதே கண்ணோடுதான் வீட்டுக்குள் நடமாடினார்.

"செய்யாதது எதுவும் இல்லைம்மா," என்றார். "வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல அவ ஃபோனைத் தொட்டுப் பார்ப்பேன். பின்பக்கம் சுட்டுச்சுன்னா இப்பத்தான் ஆடியிருக்கான்னு அர்த்தம்."

"அப்புறம்?"

"ஒரு மாசம் அப்படிப் பிடிச்சேன். அதுக்கப்புறம் சுடவே இல்லை. என்னடான்னு பார்த்தா, ஈரக் கைக்குட்டையில சுத்தி ஃபேனுக்குக் கீழ வச்சிடுறா."

மரகதம் அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதானா என்று மாசிலாமணிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"பாஸ்வேர்டு போட்டேன். என் விரல் போற போக்கைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. கடைசியா அவ ஃபோன்ல ஒரு ஆப் போட்டு வச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு எதைத் திறந்தாலும் என் ஃபோனுக்குத் தகவல் வந்துடும்."

"வருதா?"

"அதுதாம்மா குழப்பம். ரெண்டு மாசமா பாடம் படிக்கிறதை மட்டும்தான் திறந்ததா வருது. அவ அப்படிப்பட்டவ இல்லை. எங்கேயோ ஓட்டை இருக்கு."

"மொத்தம் எத்தனை தடவை பிடிச்சீங்க?"

"பதினேழு." அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆடும்போது அவ முகம் எப்படி இருக்கும்?"

கிள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"முகமா?"

"ம்."

"நான் போறப்ப ஃபோன் கீழ இருக்கும்மா. மடியில புத்தகம் இருக்கும்."

மரகதம் அம்மா காயை வாரி முறத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்குப் பந்தி தொடங்கியது. சாம்பார் வாளி எப்போதும் மாசிலாமணியின் கையில்தான். எட்டு வருஷத்தில் இலைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தியதில்லை. அன்றைக்கு அவர் முதல் இலைக்குக் குனிந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மரகதம் அம்மா. கையைக் கட்டிக்கொண்டு அவருடைய கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. நீங்க ஊத்துங்க."

மாசிலாமணி அடுத்த இலைக்கு நகர்ந்தார். அம்மாவும் நகர்ந்தார். கரண்டியைப் பார்த்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மாசிலாமணியின் சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடியும் கரண்டியைப் பார்த்தார்.

ஏழாவது இலையில் கரண்டி வாளியின் விளிம்பில் இடித்தது. பதினோராவது இலையில் சாம்பார் ஒரு லாரி டிரைவரின் வேட்டியில் கொட்டியது.

"பார்த்து அண்ணே!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. மிச்சப் பந்திக்கு வாளியை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு கிணற்றடியில் அவர் கேட்டார்.

"ஏம்மா அப்படி நின்னீங்க?"

"சும்மா பார்த்துக்கிட்டுதானே நின்னேன்."

"கை நடுங்கிருச்சும்மா."

"எட்டு வருஷமா நீங்க ஊத்துறதைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். என்னைக்காவது நடுங்குச்சா?"

"இன்னைக்குப் பார்த்தது வேற மாதிரி."

"எந்த மாதிரி?"

மாசிலாமணி தயங்கினார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"திருடனைப் பார்க்கிற மாதிரி."

"ஓ," என்றார் மரகதம் அம்மா. கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் முழுக்க மாசிலாமணிக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா என்ன நினைத்துவிட்டார்? சட்டைப் பையை எதற்குப் பார்த்தார்? போன மாசம் சாமான் அறையில் ஒரு நெய் டப்பாவைக் காணோம் என்று சமையல்காரர் முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாமான் அறைச் சாவி யாரிடம் இருந்தது? தன்னிடம்தான். அப்படியானால் யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சமையல்காரரா? இலை போடுகிற அந்த ஆளா? ஒவ்வொருவரும் தன்னிடம் கடைசியாக என்ன பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். எல்லாருடைய பேச்சிலும் ஏதோ இருந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில், டிக்கெட் இல்லாத ஒருவனைத் தாண்டிப் போய்விட்டார். கண்டக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

'அம்மா, நான் எடுக்கலை' என்று சொல்லிவிடலாம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்ன விதம் நன்றாக இல்லை. பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்கள் இதே குரலில்தான் பேசுவார்கள். கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குள் நுழைந்ததும் நேரே மரகதம் அம்மாவிடம் போனார்.

"அம்மா, அந்த நெய் டப்பாவை நான் எடுக்கலை."

"எந்த டப்பா?"

"போன மாசம் காணாமப் போச்சே."

"அதுவா? அது மறுநாளே கிடைச்சிருச்சே அண்ணே. அரிசி மூட்டைக்குப் பின்னால உருண்டு கிடந்தது."

"அப்ப, என்மேல எதுவும்..."

"ஒண்ணும் இல்லையே."

மாசிலாமணி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வாரமா சரியாத் தூங்கலைம்மா. சோறு இறங்கலை. எடுக்காத பொருளை எடுத்தவன் மாதிரியே நடந்துக்கிட்டிருந்தேன்."

"ஒரு வாரம்தானே," என்றார் மரகதம் அம்மா.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல் சொன்னார்:

"ஆனா அவ நிஜமாவே ஆடுறாம்மா. இது நெய் டப்பா மாதிரி இல்லை."

"நான் இல்லைன்னு சொன்னேனா? ஆடுறா. எதை ஆடுறா? யாரோட ஆடுறா?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா உங்ககிட்ட வந்து நிக்கிறேன்?"

"அப்ப ஒரு வேலை செய்யுங்க. அவ ஆடும்போது முகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

"கதவிடுக்குல பார்க்கலாமா?"

"பாருங்க. முதுகு தெரியும்."

மாசிலாமணி எழுந்து நின்றார். மரகதம் அம்மா வாசல்வரை கூடவே வந்தார்.

"அந்த ஆப் போட்டு வச்சிருக்கிறதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டா அப்புறம் அது எதுக்கும்மா?"

அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆதிரை கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எழுதி முடிச்சதும் கேம் ஆடணும்னா ஆடு கண்ணு. இங்கேயே, என் பக்கத்துல உட்கார்ந்து ஆடு."

ஆதிரை பேனாவைக் கீழே வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சட்டைப் பையில் ஃபோன் எதையாவது பதிவு செய்கிறதா என்று பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

"நான் கேமெல்லாம் ஆடுறதில்லைப்பா."

பொய். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் மறுபடியும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

மறுநாளும் அதையே சொன்னார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள். உள்ளே கிசுகிசுப்பது அவர் காதில் விழுந்தது.

"அப்பா ஏதோ பிளான் பண்றாரும்மா. நான் ஆடினதும் ஃபோனைப் பிடுங்கி உடைக்கப் போறார்."

"எனக்கும் ஒண்ணும் புரியலடி," என்றாள் அவர் மனைவி ஜெயக்கொடி. "மனுஷன் பத்து நாளாவே ஒரு மாதிரி இருக்கார்."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதில் சூது பார்க்கிறார்களே. மரகதம் அம்மா சொன்ன இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். பஸ்ஸில் அவர் சிரித்துக்கொண்டு ஏறினாலும் ஜனங்கள் டிக்கெட்டைத்தான் துழாவுவார்கள். அது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"ஆதிரை, உன் ஃபோன்ல நான் ஒரு ஆப் போட்டு வச்சிருக்கேன். நீ எதைத் திறந்தாலும் எனக்குத் தகவல் வரும். உனக்குச் சொல்லாம போட்டேன். அது தப்பு."

"தெரியும்," என்றாள் ஆதிரை.

"என்ன தெரியும்?"

"ஆப் இருக்கிறது. நீங்க போட்ட அன்னைக்கே தெரியும். சார்ஜ் சீக்கிரமா இறங்குச்சு. என்னன்னு தேடிப் பார்த்தேன்."

"அப்ப எப்படி ஆடுன?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பஸ்ஸாக இருந்தால் இந்த இடத்தில் அவர் இரண்டாவது கேள்வியைப் போடுவார். அதற்கு எதிராளி உளறிவிடுவான். இன்றைக்குப் போடவில்லை. காத்திருந்தார்.

"அம்மா ஃபோன்ல," என்றாள் கடைசியில். "நீங்க அதைத் தொட்டுப் பார்க்க மாட்டீங்க."

அடுப்படியில் சத்தம் நின்றது. ஜெயக்கொடி தோசைத் திருப்பியோடு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களாப்பா?" ஆதிரை எழுந்து நின்றாள். "ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டின்னு போறீங்க. சட்டையில மஞ்சக் கறையோட வர்றீங்க. பஸ்ல எங்கருந்துப்பா மஞ்சக் கறை?"

மாசிலாமணி மகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அந்தக் கண் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது.

"நத்தம் ரோட்டுல ஒரு மடம் இருக்கு," என்றார். "அங்க போய் சாம்பார் ஊத்துறேன்."

"எத்தனை நாளா?" இது ஜெயக்கொடி.

"எட்டு வருஷமா."

"எட்டு வருஷமா சாம்பாரா?"

"பாத்திரமும் கழுவுவேன்."

"இதைச் சொல்றதுக்கு என்ன?"

"செக்கிங் மாசிலாமணி எச்சில் இலை எடுக்கிறான்னா சிரிப்பாங்க. அப்புறம், அங்க எல்லாம் பார்த்துக்கிறது ஒரு அம்மா. என்னைவிட வயசு கம்மி. நீ வேற மாதிரி நினைச்சிடுவியோன்னு..."

"வேற மாதிரிதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் ஜெயக்கொடி. "ரெண்டு வருஷமா."

தோசை கருகுகிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. முதலில் சிரித்தது ஆதிரைதான். ஜெயக்கொடி சிரிக்கவில்லை.

"நான் ஒரு நாள் வந்து பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆதிரை அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அப்பாவுக்குக் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆடுறேன்," என்றாள், எச்சரிக்கை போல.

"ஆடு."

நாலு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து ஒரு தீவில் இறங்கி, எதிரிக் கூட்டங்களைத் தேடித் தேடிச் சண்டை போடுகிற ஆட்டம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மாசிலாமணி முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆதிரை சுடவில்லை. மற்ற மூன்று பேரும் சுட்டார்கள். அவள் ஜீப் ஓட்டினாள். மண் ரோடு, மலை ரோடு, உடைந்த பாலம், எதுவானாலும் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பறந்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் அவள் தலையும் சேர்ந்து சாய்ந்தது.

"வளைவுக்குள்ள போய் பிரேக் போடுற," என்றார் மாசிலாமணி தன்னை அறியாமல். "அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிரணும். சிறுமலை ரோட்டுல எங்க டிரைவருங்க அப்படித்தான் எடுப்பாங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் முன்னாடியே வேகத்தைக் குறைத்தாள். ஜீப் வழுக்காமல் திரும்பியது.

"ஐ!" என்றாள்.

கொஞ்சம் நகர்ந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. ஆதிரையின் கட்டைவிரல் சட்டென்று போய் அதை மறைத்தது.

அந்தக் கட்டைவிரலை மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். பழைய டிக்கெட்டைக் காட்டுகிறவன் தேதி இருக்கிற இடத்தை அப்படித்தான் மறைத்துப் பிடிப்பான். அவருக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது. கை தானாக அசைந்தது. விரலை விலக்கினால் போதும். பதினெட்டாவது தடவை.

ஆதிரை அவரைப் பார்க்கவில்லை. மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் ஒரு மரத்தில் மோதி நின்றது.

"நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்றார் மாசிலாமணி.

எழுந்து அடுப்படிக்குப் போனார். தம்ளரில் தண்ணீர் மொண்டார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முட்டாள்தனம் செய்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. இந்நேரம் அவள் அதை அழித்திருப்பாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மரகதம் அம்மாவுக்கு என்ன, பிள்ளையா குட்டியா.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் ஆதிரை. ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றாள். "திட்டாம படிங்கப்பா."

படித்தார். கூட்டாளிகளில் ஒருவன், ராஜகழுகு என்று பெயர் வைத்திருப்பவன், மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். முதலில் எல்லாம் நல்ல பேச்சு. நீதான் சூப்பரா ஓட்டுற. பிறகு எந்த ஸ்கூல், எந்த ஊர். பிறகு உன் போட்டோ அனுப்பு. யூனிபாரத்தில் எடுத்து அனுப்பு. இப்போது வந்தது கடைசி: 'நாளைக்குள்ள போட்டோ வரலைன்னா உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன். நீ திருட்டுத்தனமா ஆடுறதை எல்லாம் சொல்லிடுவேன். அப்புறம் உன் கதி என்ன?'

'உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்' என்ற வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"பதினஞ்சு வயசுன்னான்பா. ஆனா மைக்ல பேசினா பெரிய ஆள் குரல்." ஆதிரை வேகமாகப் பேசினாள். "நான் போட்டோ எதுவும் அனுப்பலை. சத்தியமா அனுப்பலை. நாளைக்கு அனுப்பிடலாமான்னு இருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு..."

மாசிலாமணியின் கை உயர்ந்தது. எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆதிரை கண்ணை இறுக மூடித் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையால் தம்ளரை மேடையில் வைத்தார். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு வந்த ஜெயக்கொடி மகளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"இவனை என்ன செய்யலாம்னு நீ நினைக்கிற?" என்று மாசிலாமணி கேட்டார்.

"பிளாக் பண்ணணும். ஆனா பண்ணினா உங்ககிட்ட சொல்லிடுவான்னு பயந்தேன்."

"அதான் எனக்குத் தெரிஞ்சிருச்சே."

ஆதிரை அவரைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மூன்று பேருமாக சைபர் க்ரைம் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எதையும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்றார். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, அவனை எப்படி பிளாக் செய்வது என்று பக்கத்தில் இருந்தே செய்ய வைத்தார். கிளம்பும்போது ஆதிரையிடம் கேட்டார்:

"நிறையப் பிள்ளைங்க எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வந்து சொல்லுதுங்க. நீ எப்படிம்மா அப்பாகிட்ட சொன்ன?"

"அப்பா தண்ணி குடிக்கப் போனார்," என்றாள் ஆதிரை. "அப்பத்தான்."

எஸ்.ஐ.க்கு அது புரியவில்லை.

அந்த ஞாயிறு மாசிலாமணி மடத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஜெயக்கொடியோடு வந்தார். ஜெயக்கொடி மரகதம் அம்மாவை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை அளந்தாள். மரகதம் அம்மா அவள் கையில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொடுத்து, "வா தாயி, ஆள் பத்தலை," என்றார். ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மாவை நன்றாகப் பார்க்கக்கூடிய இடமாகப் பார்த்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

"பொண்ணு வரலையா அண்ணே?"

"பரீட்சை. வீட்டுல படிக்கிறா."

"ஃபோன்?"

"அதுவும் வீட்டுலதாம்மா இருக்கு."

மாசிலாமணி நடந்ததையெல்லாம் சொன்னார். முடிந்ததும் மரகதம் அம்மா கேட்டார்:

"முகம் எப்படி இருந்துச்சு?"

"கீழுதட்டைக் கடிச்சுக்கிறாம்மா. இவ ஊசியில நூல் கோக்கும்போது கடிச்சுக்குவா, அச்சு அசல் அதே மாதிரி." மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு குரல் தணிந்தது. "அந்த மெசேஜ் வந்தப்ப முகம் வேற. பஸ்ல அந்த முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். டிக்கெட் இல்லாத முகம்னு எழுந்திரிக்கச் சொல்லியிருக்கேன். அவ பயந்துபோய் உட்கார்ந்திருந்தாம்மா."

மரகதம் அம்மா தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார் மாசிலாமணி.

"கேளுங்க."

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு பேசி வச்சிருக்கோம். பாடம் எழுதின பிறகு, கூடத்துல உட்கார்ந்து. அவளே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா. தெரியாதவங்களோட ஆடுறதில்லைன்னும் அவளேதான் எழுதினா. முந்தாநாள் இருபது நிமிஷம் கூடுதலா ஆடிட்டா."

"எப்படித் தெரிஞ்சுது? தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லைம்மா. நான் செருப்பைக் கழட்டும்போதே வந்து சொல்லிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. சரின்னு உள்ள போயிட்டேன். ரெண்டு நாளா அதேதான் ஓடிக்கிட்டிருக்கு. விட்டுட்டா நாளைக்கு நாற்பது நிமிஷம் ஆகும். திட்டினா அடுத்த தடவை சொல்ல மாட்டா." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. "இருபதைச் சொல்லிட்டு நாற்பதை மறைக்கிறாளோன்னும் ஒரு பக்கம் குடையுதும்மா. இப்ப நான் என்ன செய்யணும்?"

மரகதம் அம்மா அடுப்பிலிருந்து சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னவ வீட்டுல இருக்கா," என்றார். "நீங்க இத்தனை தூரம் பஸ் ஏறி வந்து என்கிட்ட கேக்குறீங்களே அண்ணே?"